தட்டம்மைப் பூதமும் ஷாமிசென் சுமந்த மூன்று பெண்களும்

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பழைய புத்தகக் கடையில் இரண்டு ஜப்பானிய மர அச்சுப் படங்கள் வாங்கியிருக்கிறீர்கள். ஒன்றில், உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகள் நிறைந்த ஒரு பூதத்தை ஒரு கூட்டம் சூழ்ந்து அடிக்கிறது. படத்துக்கு மேலே நெருக்கமாக எழுத்துகள். மற்றொன்றில் மூன்று பெண்கள் நீண்ட கழுத்துள்ள நரம்புக் கருவியுடன் வெட்டவெளிப் பாதையில் நடக்கிறார்கள். விற்றவர் இரண்டையும் மருத்துவப் படங்கள் என்று சொல்லியிருக்கிறார். அது சரிதானா, எந்தக் காலத்துப் படங்கள், வீட்டில் மாட்டினால் நோய் போய்விடும் என்று அந்த மக்கள் உண்மையிலேயே நம்பினார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் ஓரளவு நேரடியான விடை உண்டு. மூன்றாவதுதான் உங்களை எழுத வைத்த கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதனால் அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

பழங்காகிதங்களைச் செப்பனிட்டுப் பாதுகாக்கும் தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். ஜப்பானிய அச்சுகள் அதில் ஒரு பெரும் பகுதி. மருத்துவ வரலாறு நான் முறையாகப் பயின்ற துறை அன்று. ஆகவே காகிதம், வண்ணம், முத்திரை பற்றி நான் சொல்வதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். மக்களின் நம்பிக்கை பற்றிச் சொல்வதை, இந்தப் படங்களோடு நெடுங்காலம் பழகிய ஒருவரின் கணிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படம் தட்டம்மைப் படம். இந்த வகைத் தாள்களில் பெரும்பாலானவை 1862-ஆம் ஆண்டில், எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், சில மாதங்களுக்குள் அச்சாகிக் குவிந்தவை. ஏன் அந்த ஆண்டில் மட்டும் என்பதற்குக் காரணம் நோயின் போக்கிலேயே இருக்கிறது. அந்நகருக்குத் தட்டம்மை ஆண்டுதோறும் வரவில்லை. 1803, 1824, 1836 என்று இடைவெளி விட்டுத்தான் பெருந்தொற்றாகப் பரவியது. பிறகு 26 ஆண்டுகள் கழித்து 1862-இல் திரும்பியது. நடுவே பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கே எதிர்ப்பாற்றல் இல்லை. குழந்தைகள் மட்டுமல்லாமல் கட்டிளங்காளைகளும் புதுமணப் பெண்களும் படுத்துவிட்டார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், பிள்ளைக்கு முத்து போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம் பெற்றோர் பலர் அந்த நோயைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பது. என்ன கொடுக்கலாம், எதை ஒதுக்க வேண்டும், எப்போது குளிப்பாட்டலாம் என்று தெரியாமல் தவித்த அவர்களுக்காகத்தான் அந்தத் தாள்கள் வந்தன. நான்கு ஆண்டுகளுக்கு முன் 1858-இல் காலரா அந்நகரை உலுக்கியிருந்ததையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நகரம் ஏற்கெனவே அச்சத்தில் இருந்தது.

நாடக நடிகர்களின் படங்களையும் அழகியரின் படங்களையும் விற்றுப் பிழைத்த வெளியீட்டாளர்களே இவற்றையும் வெளியிட்டார்கள். வரைந்தவர்களில் யோஷிஃபுஜி, யோஷிதோரா, யோஷிமோரி ஆகியோர் பெயர்கள் அடிக்கடி வருகின்றன. மூவரும் முந்தைய ஆண்டு இறந்துபோன உதாகவா குனியோஷியின் மாணவர்கள். மேலே இருக்கும் நெருக்கமான எழுத்துகளில் பெரும்பகுதி பத்தியம். முள்ளங்கி, கேரட், உலர்த்திய சுரைக்காய்ப் பட்டைகள் ஆகியவை ஆகும். ஆற்று மீன், ஷீதாகே காளான், உப்பிலிட்ட உமெபோஷி பழம் ஆகியவை ஆகா. குளியல், சாகே மது, சோபா நூடுல்ஸ் எல்லாம் 75 நாள் கூடாது. தலை மழிக்க 50 நாள் பொறுக்க வேண்டும். தாளுக்குத் தாள் பட்டியல் மாறுகிறது, சில இடங்களில் ஒன்றை ஒன்று மறுக்கவும் செய்கிறது. ஆனால் வடிவம் ஒன்றே.

இப்போது அந்தக் கூட்டத்தைப் பாருங்கள். பூதத்தை அடிப்பவர்கள் நோயாளிகளோ நோயாளிகளின் உறவினர்களோ அல்லர். குளியல்கூடக்காரர், முடிதிருத்துபவர், சோபா விற்பவர், சாகே விற்பவர், கேளிக்கைப் பகுதிப் பெண் என்று, மேலே உள்ள பத்தியத்தால் வியாபாரம் படுத்துப்போனவர்களே அவர்கள். பூதத்தைக் காப்பாற்ற நடுவே புகுந்து தடுப்பவர்கள் மருத்துவரும் மருந்துக் கடைக்காரரும். யோஷிஃபுஜி வரைந்த ஒரு தாளில் இந்த அமைப்பு மிகத் தெளிவாக இருக்கிறது. நீங்கள் அனுப்பிய புகைப்படத்தில் மொட்டைத் தலையோடு கையை நீட்டித் தடுப்பவர் மருத்துவராக இருக்க வேண்டும். அக்கால மருத்துவர்களில் பலர் தலையை முழுக்க மழித்துக்கொள்வார்கள். ஆக, ஒரே தாளில் மேலே வீட்டு வைத்தியக் குறிப்பு, கீழே அதே வைத்தியத்தால் யார் பிழைத்தார், யார் நொடித்தார் என்னும் கேலி. இரண்டையும் ஒருவரே காசு கொடுத்து வாங்கி ஒரே சுவரில் ஒட்டினார். உங்கள் மூன்றாவது கேள்விக்கான விடை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

படத்தை மாட்டினால் நோய் போகும் என்று நம்பினார்களா? சில தாள்களில் காப்புச் சடங்குகள் சொல்லப்பட்டிருக்கின்றன என்பது உறுதி. கீறினால் கோடு பழுப்பாகத் தெரியும் தராயோ என்ற மரத்தின் இலையில் ஒரு சிறு பாடலை எழுதி ஆற்றில் விடச் சொல்கின்றன. குதிரைக்குத் தீனி வைக்கும் வாளியைக் குழந்தையின் தலைமேல் கவிழ்க்கச் சொல்கின்றன. ஆனால் அந்தச் சடங்குக்குப் பக்கத்திலேயே பத்தியமும் இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது. பாட்டி இலையை ஆற்றில் விட்டிருப்பாள், தாய் முள்ளங்கியை வேகவைத்திருப்பாள், தந்தை மருந்துக் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்திருப்பார். மூவருக்கும் அதே தாள் பயன்பட்டது. நம்பினார்கள் அல்லது நம்பவில்லை என்று ஒரே சொல்லில் தீர்த்துவிட்டால், அந்த வீட்டில் உண்மையில் நடந்தது நம் கையைவிட்டு நழுவிவிடும். பிள்ளை படுத்திருக்கும்போது கைக்குக் கிடைத்த எல்லாவற்றையும் அவர்கள் செய்தார்கள் என்பதே என் கணிப்பு. அவர்களை மூடநம்பிக்கையில் மூழ்கியவர்கள் என்று எழுதும் விளக்கங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

2020-இல் உலகம் முழுவதும் பரவிய அமபியே என்ற உருவத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். நீண்ட கூந்தல், அலகு, செதில்களுடன் கடலிலிருந்து எழுந்த அந்த உருவம் 1846-ஆம் ஆண்டின் ஒரு செய்தித்தாளில் இருக்கிறது. அதன் ஒரே பிரதி கியோட்டோ பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. ஆறு ஆண்டுகள் நல்ல விளைச்சல் இருக்கும், நோயும் பரவும், என் உருவத்தை வரைந்து மக்களுக்குக் காட்டு என்று அது சொன்னதாக வாசகம். பார்த்தவர்கள் பிழைப்பார்கள் என்ற உறுதிமொழி அந்த வாசகத்தில் வெளிப்படையாக இல்லை. அதை நாம்தான் சேர்த்துப் படிக்கிறோம்.

பெரியம்மைப் படங்கள் வேறு வகை. அவை சிவப்பு வண்ணத்தில் மட்டும் அச்சிடப்பட்டவை. பேய்களை விரட்டும் ஷோகி, தள்ளினாலும் எழுந்து நிற்கும் தாருமா பொம்மை, காகிதக்கூழ் நாய், கிலுகிலுப்பை மேளம், வீரன் தமேதோமோ ஆகிய உருவங்கள் அவற்றில் வரும். தமேதோமோ 12-ஆம் நூற்றாண்டு வில்வீரர். அவர் எடோவுக்குத் தெற்கே கடலில் இருக்கும் ஹச்சிஜோ தீவுக்கு வந்ததால் பெரியம்மை அங்கே கால்வைக்க அஞ்சியது என்பது கதை. யோஷிதோஷி 1890-இல்கூட அந்தக் கதையை ஓர் அழகான அச்சாக வரைந்தார். ஏன் சிவப்பு என்பதற்குப் பழைய விளக்கங்கள் பல. நோய்த்தெய்வத்துக்குச் சிவப்பு பிடிக்கும் என்பது ஒன்று, பிடிக்காது என்பது இன்னொன்று. முத்துகள் செக்கச்செவேலென்று எழும்பினால் பிள்ளை தேறிவிடும், கறுத்தால் ஆபத்து என்பது மூன்றாவது. எது முதலில் வந்தது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. மூன்றும் சேர்ந்தே இயங்கின என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது. இந்தச் சிவப்புப் படங்கள் இன்று அரிதாகக் கிடைப்பதற்கான காரணம் தெளிவானது. பிள்ளை தேறியதும் அவற்றை எரிப்பார்கள் அல்லது ஆற்றில் விடுவார்கள். பயன்பட்டு முடிந்தவை அழிந்தன. நம் கையில் இருப்பவை பயன்படாமல் தப்பியவை. மருத்துவப் படங்கள் என்று இவற்றைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும்போது எனக்கு எப்போதும் தோன்றும் எண்ணம் இது.

இதே உருவ மொழியைத் தடுப்பூசி பரப்பியவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆங்கில மருத்துவர் ஜென்னர் மாட்டம்மையிலிருந்து உருவாக்கிய பெரியம்மைத் தடுப்பூசி 1849-இல் நாகசாகியில் முதன்முதலில் வெற்றிகரமாகக் குத்தப்பட்டது. அடுத்த சிறிது காலத்திலேயே எடோவின் மருத்துவர் குவாதா ரியூசாய், மாட்டின் மேல் ஏறிய குழந்தை ஈட்டியால் பெரியம்மைப் பேயை விரட்டும் படத்தைத் துண்டறிக்கையாக அச்சிட்டார். மருந்து புதிது, பேய் பழையது. பெற்றோருக்குத் தெரிந்த மொழியில் பேசினால்தான் பிள்ளையின் கையை நீட்டுவார்கள் என்பதை அந்த மருத்துவர் அறிந்திருந்தார். நம்பிக்கைக்கும் மருத்துவத்துக்கும் நடுவே நாம் இழுக்கும் கோடு அவருக்குத் தேவைப்படவில்லை.

சிவப்புப் படங்களில் இன்னோர் உருவம் அடிக்கடி வரும். உருண்டைக் கண்களோடு விழித்துப் பார்க்கும் ஆந்தை. நோயிலிருந்து தேறும் பிள்ளைக்குப் பார்வை போய்விடக் கூடாது என்பதற்காக அந்தப் பெரிய கண்கள் என்று ஜப்பானிய பொம்மைகளைப் பற்றி எழுதுபவர்கள் விளக்குகிறார்கள். அந்த விளக்கம் பொருத்தமானதாகவே எனக்குப் படுகிறது. ஏனெனில் அக்காலத்தில் பார்வை இழப்புக்குப் பெரியம்மை ஒரு முக்கியக் காரணம். பிழைத்த பிள்ளைகள் பலர் கண் தெரியாமல் வளர்ந்தார்கள். அவர்கள் வளர்ந்து என்ன ஆனார்கள் என்று கேட்டால், உங்கள் இரண்டாவது படத்துக்கு வந்துவிடுகிறோம்.

அது ஓவியர் ஹிரோஷிகேயின் தோக்காய்தோ நெடுஞ்சாலை வரிசையில் வரும் ஃபுதாகவா என்ற வழித்தங்கல் நிலையம். எடோவிலிருந்து கியோட்டோ வரை இருந்த 53 நிலையங்களையும் இரு முனைகளையும் சேர்த்து 55 தாள்களாக 1833, 1834 ஆண்டுகளை ஒட்டி வந்த வரிசை அது. இது 33-ஆம் நிலையம், இன்றைய ஐச்சி மாநிலத்தின் தோயோஹாஷி நகரில் இருக்கிறது. குட்டையான பைன் மரங்கள் சிதறிக் கிடக்கும் வெட்டவெளி, ஓரமாக இலையில் பொதிந்த அரிசி மாவுப் பலகாரம் விற்கும் கடை, அதை நோக்கி நடக்கும் மூன்று பெண்கள். அவர்கள் கோஜே எனப்படும் கண்பார்வையற்ற பாடகியர். கையிலிருப்பது ஷாமிசென், மூன்று நரம்புகள் கொண்டு தகடு போன்ற மீட்டுகோலால் வாசிக்கும் கருவி. ஊர் ஊராக நடந்து, வீட்டு வாசல்களிலும் பண்ணைவீடுகளிலும் பாடிப் பிழைத்தவர்கள்.

ஆக, உங்களுக்கு விற்றவர் சொன்னது இரண்டாம் படத்தைப் பொறுத்தவரை தவறு. அது பயணப் படம். அதில் மருந்தும் இல்லை, நோயாளியும் இல்லை. ஆனால் அந்தப் பெண்கள் ஏன் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்று தொடர்ந்து கேட்டால் நோய்தான் விடையாக வரக்கூடும். வரக்கூடும் என்றுதான் சொல்கிறேன். எல்லோருக்கும் பெரியம்மையால் பார்வை போகவில்லை. கடைசி கோஜே என்று அறியப்பட்ட, 1900-இல் பிறந்து 2005-இல் இறந்த கோபாயாஷி ஹாரு கைக்குழந்தையாக இருந்தபோதே கண்புரையால் பார்வை இழந்தவர். படத்தில் உள்ள மூவருக்கும் என்ன நடந்தது என்று ஹிரோஷிகே சொல்லவில்லை.

ஆண்களுக்கு இது இன்னும் அமைப்பாக இருந்தது. பார்வையற்ற ஆண்களின் சங்கம் ஒன்று அரசின் ஆதரவோடு இயங்கியது. தொடக்கத்தில் பீவா வீணையோடு போர்க்கதை சொல்வது அவர்களின் கலை. பிறகு கோடோ எனும் நீண்ட நரம்புக் கருவியின் இசையும் ஷாமிசென் இசையும் அவர்கள் கைக்கு வந்தது. இசை வராதவர்கள் உடம்பு பிடித்துவிடுவதையும் அக்குபஞ்சர் எனும் ஊசி மருத்துவத்தையும் தொழிலாகக் கொண்டார்கள். கோடோ இசைக்கு இன்றும் நிலைக்கும் வடிவம் தந்த யாத்சுஹாஷி கென்கியோ பார்வையற்றவர். அந்நாளைய ராணுவ ஆட்சியாளரான ஷோகுன் ட்சுனாயோஷிக்கு ஊசி மருத்துவம் செய்த சுகியாமா வாய்ச்சியும் பார்வையற்றவரே. ஒரே சங்கத்துக்குள் ஒருவர் விரல் நரம்பில், இன்னொருவர் விரல் நோயாளியின் முதுகில். 1871-இல் மெய்ஜி அரசு அந்தச் சங்கத்தைக் கலைத்தது. அச்சுப் படங்களில் இசை, அன்றாட வாழ்க்கை, நோய் ஆகியவற்றை மூன்று தனித் தலைப்புகளாகப் பிரித்து வைக்கும் பட்டியல்களை நான் நிறையப் பார்க்கிறேன். தேடுவதற்கு அது வசதி. ஆனால் அந்தப் படங்களை வாங்கிய வீட்டில் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

இசைப் படங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் நோய் ஒளிந்திருக்கிறது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலானவை மகிழ்ச்சிக்காக வரைந்தவை. ஓவியர் ஹருநோபு 1766-ஐ ஒட்டி வரைந்த ‘வீட்டுக்கூடத்தின் எட்டுக் காட்சிகள்’ வரிசையில் கோடோ வாசிக்க அமர்ந்திருக்கும் பெண்கள் வருகிறார்கள். கோடோவின் நரம்புகளைத் தாங்கச் சாய்வாக வரிசையிட்ட சிறு கட்டைகளான குதிரைகள் தரையிறங்கும் வாத்துக் கூட்டத்தை நினைவூட்டுகின்றன என்பதே படத்தின் நயம். பலகட்டை வண்ண அச்சு 1765-இல்தான் முழுமை பெற்றிருந்தது. அந்தப் புதிய திறனின் துள்ளல் அதில் தெரியும். ஓவியர் உதாமரோவின் பெண்கள் சமைக்கிறார்கள், தலை வாருகிறார்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறார்கள். அவற்றை அப்படியே பார்த்து ரசிப்பதில் குறையொன்றும் இல்லை.

இந்த அச்சுகளில் நேரடியாகக் காட்டப்படாதது சாவு. தட்டம்மைத் தாள்களில் இறந்த குழந்தை கிடையாது. ஒரு கிண்ணம் சோபாவின் விலையை ஒட்டி விற்ற பொருள், வாங்குபவரின் மனத்தை மேலும் அழுத்தக் கூடாது. விதிவிலக்கு, புகழ்பெற்றவர்கள் இறந்தபோது வெளியான நினைவுப் படங்கள். அவற்றில் மிக அழகியது ஹிரோஷிகேயுடையதே. காலரா பரவிய 1858-இன் இலையுதிர் காலத்தில் அவர் இறந்தார். நண்பர் குனிசாதா, தலை மழித்து ஜபமாலையோடு அமர்ந்திருக்கும் அவரை வரைந்தார். காலராவால் இறந்தார் என்று பெரும்பாலான நூல்கள் எழுதுகின்றன. அது நடக்கக்கூடியதுதான், ஆனால் அந்தக் காலத்தில் இறந்தார் என்பதுதான் உறுதி, நோயின் பெயர் பிற்காலத்தார் சேர்த்த ஊகமாகவும் இருக்கலாம்.

ஓவியரின் எண்ணத்தை ஊகிக்கும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு குனியோஷியின் 1843-ஆம் ஆண்டுப் படமே சான்று. வீரன் யோரிமித்சு நோயில் படுத்திருக்கிறான், பின்னால் மண்சிலந்திப் பூதம், இருட்டில் பேய்களின் படையெடுப்பு. நோயாளி அன்றைய ஷோகுன், காவலிருப்பவர் கடுஞ்சட்டங்கள் போட்ட அமைச்சர், பேய்கள் அச்சட்டங்களால் பாதிக்கப்பட்ட மக்கள் என்று நகரமே படித்தது. வெளியீட்டாளர் பயந்து படத்தைத் திரும்பப் பெற்று அச்சுக் கட்டைகளை அழித்தார். மக்கள் அப்படிப் படித்தார்கள் என்பது உறுதி. ஓவியர் அப்படித்தான் எண்ணினாரா என்பதை யாராலும் நிறுவ முடியாது.

காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டீர்கள். தட்டம்மைப் படத்தில் ஒரு சிறிய வட்ட முத்திரை இருக்கும், பெரும்பாலும் ஓவியரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் அல்லது விளிம்பை ஒட்டி. அது தணிக்கை முத்திரை. 1859 முதல் 1871 வரையிலான முத்திரைகளில் ஆண்டின் விலங்கு, மாதம், சரிபார்க்கப்பட்டது என்ற சொல் மூன்றும் ஒரே வட்டத்தில் இருக்கும். அதில் நாய் ஆண்டுக்கான எழுத்து இருந்தால் 1862 என்பதில் சந்தேகம் வேண்டாம். ஃபுதாகவா படத்தைப் பொறுத்தவரை எச்சரிக்கையாக இருங்கள். அந்த வரிசையை 20-ஆம் நூற்றாண்டில் பலர் புதிதாகச் செதுக்கி மறு அச்சிட்டிருக்கிறார்கள். அவையும் நேர்மையான கைவேலைதான், ஆனால் 1830-களின் தாள் அல்ல. உருப்பெருக்கிக் கண்ணாடியில் சீரான சிறு புள்ளிகள் தெரிந்தால் அது இயந்திர அச்சு. உண்மையான மர அச்சில் தாளின் பின்புறம் வண்ணம் ஊறித் தெரியும், மூங்கில் உறை சுற்றிய தேய்ப்பானின் வட்டத் தடங்களும் தெரியும். முன்புறத்து வானத்தில் செர்ரிக் கட்டையின் ரேகைகள் தெரிந்தால் இன்னும் நல்லது. புகைப்படத்தை வைத்து நான் இதற்கு மேல் சொல்ல இயலாது. தாளின் தடிமனும் நாரும் கையில் எடுத்துப் பார்த்தால்தான் பேசும்.

படங்களுக்குச் சட்டகம் போடுவதற்கு முன் ஒன்று. தயவுசெய்து பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிவிடாதீர்கள், செலோடேப்பும் வேண்டாம். அந்தக் காலத்துக் குசும்பப்பூச் சிவப்பும் தாவர நீலமும் வெளிச்சத்தில் வெளிறிவிடும். நீலம் ஈரத்திலும் கரையும். அமிலமற்ற அட்டைக்கு நடுவே வைத்து, ஜன்னலிலிருந்து தள்ளி மாட்டுங்கள். முத்திரையைத் தனியாக நெருக்கமாகப் படமெடுத்து, இரண்டு தாள்களின் பின்புறத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பினால், ஆண்டையும் மாதத்தையும் படித்துச் சொல்கிறேன். மேலே உள்ள பத்தியப் பட்டியலையும் முடிந்தவரை தமிழில் எழுதித் தருகிறேன்.